கேள்வி–பதில்: இரண்டே குளிர்காலம் ஆடிய ஹொக்கி லீக்

சென்ற இதழில் 1961இல் தொடங்கி 1963இல் மூடப்பட்ட மெற்றோ ஜூனியர் ஏ என்ற ரொறன்ரோப் பகுதி ஐஸ் ஹொக்கி லீக் பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. காரணம் விளங்குகிறது. அந்த லீக்கின் ஊர்களெல்லாம் இன்று நம் ஆட்கள் வீடு வாங்கியிருக்கும் ஊர்கள்: ஸ்காபரோ, யூனியன்வில், பிரம்ரன், விற்பி, ஒஷாவா. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் ஹொக்கிக்கே.

கேள்வி: என் மகன் விக்ரோறியா பார்க் வீதியில் இருக்கும் நீல் மக்நீல் பாடசாலையில் படிக்கிறான். அந்தப் பாடசாலைக்கு ஒரு காலத்தில் கனடாவின் உச்சமட்ட ஜூனியர் அணி இருந்ததென்று சொல்கிறார்கள். உண்மையா? — ஒரு தகப்பன், ஸ்காபரோ

உண்மை. ஆனால் ஒரே ஒரு பருவம்தான், 1962–63. அணியின் பெயர் நீல் மக்நீல் மறூன்ஸ். இதைப் பாடசாலைகளுக்கிடையிலான போட்டி அணி என்று எண்ண வேண்டாம். ஜூனியர் ஏ என்பது இருபது வயது வரையானவர்கள் ஆடும் மட்டம். லீக்கை வென்று, மாகாணத்தை வென்று, கிழக்குக் கனடாவையும் வென்றால் கனடாவின் ஜூனியர் சம்பியனுக்குரிய மெமோரியல் கிண்ண இறுதிக்குப் போகலாம். அதற்கு மேலே தொழில்முறை ஆட்டம்தான்.

அந்த அணி நீல் மக்நீலில் பிறந்ததும் அல்ல. அதன் தாய்வீடு சென். மைக்கல்ஸ் கல்லூரி. பசிலியன் சபைக் கத்தோலிக்கக் குருமார் நடத்திய அந்தக் கல்லூரியின் மேஜர்ஸ் அணி 1934, 1945, 1947, 1961 ஆகிய நான்கு ஆண்டுகளில் மெமோரியல் கிண்ணம் வென்றது. ரெட் கெலி, ஃபிராங் மஹோவ்லிச், டேவ் கியோன் எல்லாரும் அங்கே வளர்ந்தவர்கள். காலையில் நீங்கள் கோப்பி வாங்கும் கடையின் பெயருக்குரிய ரிம் ஹோட்டனும் அந்த அணியில் ஆடியவர்தான். 1961இல் பயிற்றுநராக இருந்தவர் பாதிரியார் டேவிட் பாவர். அதே ஆண்டு அணி ஒன்ராறியோ ஹொக்கி சங்கத்தின் (ஓ.எச்.ஏ.) பெரிய லீக்கை விட்டுப் புதிய மெற்றோ லீக்குக்கு வந்தது. 1962 வசந்தத்தில் மெற்றோ கிண்ணத்தையும் வென்றது. அத்தோடு கல்லூரி ஜூனியர் ஏ ஆட்டத்துக்கே கும்பிடு போட்டுவிட்டது.

வீரர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு ஒரு பாடசாலை வேண்டியிருந்தது. 1958இல் திறக்கப்பட்ட இன்னொரு கத்தோலிக்கப் பாடசாலையான நீல் மக்நீல் அவர்களை ஏற்றது. கோல் காப்பாளர் (கோலி) கேரி சிமித்தும் மைக் வோல்ரனும் முதற் பருவத்தில் சென். மைக்கல்ஸ், இரண்டாவதில் மறூன்ஸ். அந்த மறூன்ஸும் மெற்றோ கிண்ணத்தை வென்றது. ஆகவே அந்த லீக் கண்ட இரண்டு வெற்றியாளர்களும் உண்மையில் ஒரே அணிதான், சட்டை மட்டும் மாறியது.

கேள்வி: அவ்வளவு பெயர்பெற்ற அணி ஓ.எச்.ஏ. லீக்கை விட்டு ஏன் வெளியே வந்தது? — ஓய்வுபெற்ற ஆசிரியை, மார்க்கம்

ஆசிரியைக்கு இது உடனே பிடிபடும்: நேரசூசி.

ஒன்ராறியோ ஹொக்கி சங்கத்தின், அதாவது ஓ.எச்.ஏ.யின், ஜூனியர் ஏ லீக்கில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 50 ஆட்டம். அதற்கு மேல் பிளேஓஃப். எதிரணிகள் இருந்த ஊர்கள் ஹமில்ரன், சென். கத்தரின்ஸ், நயாகரா ஃபோல்ஸ், குவெல்ஃப், பீற்றர்பரோ. 1961இல் மொன்றியலும் சேர்ந்தது. வார நாளில் சென். கத்தரின்ஸில் ஆட்டம் என்றால் பின்னேரம் பஸ் ஏற வேண்டும், திரும்பிவர நள்ளிரவு தாண்டும், விடிந்தால் வகுப்பு. அந்தக் காலத்தில் ஒன்ராறியோவில் 13ஆம் வகுப்பு இருந்தது. அதன் இறுதிச் சோதனையை மாகாணமே நடத்தியது. ஆசிரியர் பார்த்துப் புள்ளி போட்டுக் கரையேற்ற வழியில்லை. படிப்பும் ஹொக்கியும் ஒன்றாக ஓட வேண்டும் என்று நினைத்த குருமாருக்கு இந்த ஓட்டமும், ஆட்டத்தில் கூடிவந்த முரட்டுத்தனமும் பிடிக்கவில்லை.

மெற்றோ லீக்கில் முப்பது சொச்ச ஆட்டம்தான். எல்லா ஊருக்கும் ஒரு மணிநேரக் காரோட்டம் போதும். கேட்க நல்லாயிருக்கிறது அல்லவா?

ஆனால் குருமாரின் கவலை ஒன்றினால் மட்டும் ஒரு லீக் உருவாகாது. காசு இருந்த இடம் ரொறன்ரோவின் தொழில்முறை அணியான மேப்பிள் லீஃப்ஸ். அன்றைய முறைப்படி, தொழில்முறை ஹொக்கியின் உச்ச லீக்கான என்.எச்.எல். கழகம் ஒவ்வொன்றும் இரண்டு ஜூனியர் ஏ அணிகளுக்கு அனுசரணை கொடுக்கலாம். செலவைக் கழகம் பார்க்கும், பதிலுக்கு வீரர்களின் வருங்காலம் கழகத்துக்கு. ‘சி-படிவம்’ என்று ஒரு தாள் இருந்தது. பதின்ம வயதுப் பையனும் பெற்றோரும் அதில் ஒப்பமிட்டால், அவன் தொழில்முறையில் ஆடும் உரிமை அந்தக் கழகத்துக்குப் போய்விடும். லீஃப்ஸுக்கு இருந்த இரண்டு அணிகள் சென். மைக்கல்ஸும் ரொறன்ரோவின் இன்னொரு ஜூனியர் அணியான மாள்பரோஸும். ஓ.எச்.ஏ.யை விட்டு வந்தவையும் அதே இரண்டும்தான். இதைத் தற்செயல் என்று எடுக்க எங்களால் முடியவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் அணியின் பெயர் ‘செவன் அப்ஸ்’ என்று படித்தேன். அச்சுப் பிழையா? — வாசகர், பிரம்ரன்

பிழையில்லை, குளிர்பானம்தான். அனுசரணையாளரின் பெயரையே அணிக்கு வைப்பது அன்று சாதாரணம். ஒஷாவா ஜெனரல்ஸின் ‘ஜெனரல்’ ஜெனரல் மோட்டோர்ஸ் கார்த் தொழிற்சாலை. சென். கத்தரின்ஸ் அணியின் ‘ரீப்பீஸ்’ ஒரு வாகன உதிரிப்பாக நிறுவனத்தின் முதலெழுத்துகள். மெற்றோ லீக்கில் யூனியன்வில் சீஃபோர்த்ஸ் இருந்த இடத்தில் இரண்டாம் பருவத்தில் ஆடிய அணியின் பெயர் நொப் ஹில் ஃபாம்ஸ். ரொறன்ரோவுக்கு முன்னரே வந்தவர்களுக்கு அந்தப் பெரிய பலசரக்குக் கடைகள் நினைவிருக்கும். உரிமையாளர் ஸ்ரீவ் ஸ்ராவ்ரோ பிறகு மேப்பிள் லீஃப்ஸையே வாங்கினார்.

கேள்வி: பொபி ஓர் 14 வயதில், ஒரு பயிற்சிக்குக்கூடப் போகாமல், இந்த லீக்கில் ஆடினாராம். என் நண்பர்கள் நம்புகிறார்கள் இல்லை. — 11ஆம் வகுப்பு மாணவன், மார்க்கம்

நண்பர்களோடு பந்தயம் கட்டியிருந்தால் வென்றுவிட்டீர்கள்.

பொபி ஓர் பிறந்தது 1948 மார்ச் 20. சிறு பையனாக, 1961 வசந்தத்தில் கனனோக்வே என்ற சிற்றூரில் ஆடிக்கொண்டிருந்தபோது பொஸ்ரன் புறூயின்ஸ் என்ற என்.எச்.எல். கழகத்து ஆட்களின் கண்ணில் பட்டார். அவர்கள் அங்கே போனது வேறு பையன்களைப் பார்க்க. அடுத்த ஆண்டு சி-படிவத்தில் ஒப்பம். ஒப்பந்தத்தில் வீட்டு வெளிச்சுவருக்குப் பூச்சுப் பூசிக் கொடுப்பதும் ஒரு நிபந்தனை. பிற்காலத்தில் பின்வரிசை ஆட்டத்தையே மாற்றிய ஒருவருக்குப் பொஸ்ரன் கொடுத்த விலையில் ஒரு பகுதி சுவர்ப் பூச்சு.

பொஸ்ரன் அவரை வைத்த இடம் ஒஷாவா ஜெனரல்ஸ். அது ஒன்பது ஆண்டு ஆடாமல் கிடந்த அணி. 1953 செப்ரெம்பரில் அவர்களுடைய ஹாம்பிலி அரீனா எரிந்துபோனதும் அணியும் நின்றுவிட்டது. 1962இல் பொஸ்ரனின் உதவியோடு அதை மீண்டும் எழுப்பியவர் ரென் பிளெயர். ஒஷாவாவில் ஆட இடமில்லாததால் ‘சொந்த’ ஆட்டங்கள் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப் காடின்ஸில் நடந்தன.

பையனின் தாயார் வீட்டை விட்டு அனுப்ப மறுத்துவிட்டார். அதனால் வார நாளில் சொந்த ஊரான பரி சவுண்டில் பாடசாலை, ஆட்ட நாளில் 200 கிலோமீற்றருக்கு மேல் கார்ப் பயணம். அணியோடு பயிற்சி கிடையாது. எதிரே நின்றவர்கள் 18, 19, 20 வயதுக்காரர். 34 ஆட்டத்தில் 6 கோல், 15 துணைக்கோல். பருவ முடிவில் லீக்கின் இரண்டாம் நட்சத்திர அணியில் இடம். அடுத்த ஆண்டு ஒஷாவாப் பக்கம் குடிபோய், பெரிய லீக்கில் 56 ஆட்டத்தில் 29 கோல் அடித்தார். பின்வரிசைக்காரர் ஒருவருக்கு அது அன்று சாதனை.

இன்று இப்படி ஆட முடியாது. ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் சேரும் வயது 16. விதிவிலக்கு அந்தஸ்துப் பெற்றால் 15. அதை முதலில் பெற்றவர் ஜோன் ரவாரெஸ், 2005இல். அவரை எடுத்ததும் ஒஷாவாதான்.

கேள்வி: நட்சத்திரங்கள் இருந்தார்கள், காசு இருந்தது, பெரிய அரீனா இருந்தது. பிறகு ஏன் இரண்டே ஆண்டில் மூடினார்கள்? — கணக்காளர், ஸ்காபரோ

உங்கள் தொழில் மொழியில் சொன்னால், ஐந்தொகையில் இருந்த சொத்தில் பெரும்பகுதி இரவல்.

முதலில் அணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். முதற் பருவத்தில் ஐந்து: சென். மைக்கல்ஸ், மாள்பரோஸ், பிரம்ரன் செவன் அப்ஸ், யூனியன்வில் சீஃபோர்த்ஸ், விற்பி மொஹோக்ஸ். ஐந்து அணி என்றால் உங்களுக்கு எதிரி நான்கே. முப்பது சொச்ச ஆட்டத்தை நான்கால் பிரித்தால், ஒவ்வொருவரையும் எட்டு முறையாவது சந்திக்க வேண்டும். நவம்பரில் 9–1 என்று தோற்ற அணியை மாசி வரை எட்டுத் தடவை பார்க்க யார் ரிக்கற் வாங்குவார்கள்? ஒற்றைப்படை எண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு: நான்கு அணி ஆடும் நாளில் ஐந்தாவது சும்மா இருக்கும். அந்த அணியின் அரீனாவில் வெள்ளிக்கிழமை இரவு முன்பதிவு செய்த ஐஸுக்குக் காசு கொடுத்தேயாக வேண்டும்.

அடுத்தது, ஆட்டக்காரரின் தரம். லீஃப்ஸின் இரண்டு அணிகளிலும் நாடு முழுவதும் பொறுக்கிச் சேர்த்த வீரர்கள். மற்ற மூன்றும் ஜூனியர் ஏ மட்டத்துக்குப் புதியவை. அவற்றில் ஒரு நல்ல ஆட்டக்காரன் வெளிப்பட்டாலும் நிலைக்க மாட்டான். யூனியன்வில்லில் ஆடிய வெய்ன் கார்ல்ரன் மாள்பரோஸுக்குப் போனதைப் பாருங்கள். பலவீனமான அணியின் சிறந்த வீரன் பலமான அணிக்குப் போகும் வழி திறந்தே இருந்தால், இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு கூடும். தோற்கும் அணிக்கு முதல் இடத்தில் தெரிவு கொடுக்கும் டிராஃப்ற் முறை இருப்பது இதற்காகத்தான். அனுசரணை முறையில் அது தலைகீழ்.

மூன்றாவது, 1962இல் சென். மைக்கல்ஸ் போனது. எங்கள் கணிப்பில் லீக் செத்தது அன்றுதான், புதைத்ததுதான் 1963இல். படிப்புக்காகக் குறுகிய அட்டவணை என்பதே லீக் தொடங்கச் சொன்ன நியாயம். அந்த நியாயத்தைக் கேட்ட கல்லூரியே விலகிவிட்டது. இரண்டாம் பருவத்தில் ஒஷாவா சேர்ந்து அணிகள் ஆறாகின. அட்டவணை சீரானது, ஆனால் லீக் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது.

நான்காவது, மெமோரியல் கிண்ணம். மெற்றோ லீக்கை வென்றால் அத்தோடு முடியாது, ஓ.எச்.ஏ. வெற்றியாளரையும் வெல்ல வேண்டும். 1962இல் சென். மைக்கல்ஸ் ஹமில்ரன் ரெட் விங்ஸிடம் தோற்றது, ஹமில்ரன் மெமோரியல் கிண்ணத்தையே வென்றது. 1963இல் நீல் மக்நீல் நயாகரா ஃபோல்ஸ் ஃபிளையர்ஸிடம் தோற்றது. மெல்லிய எதிரிகளோடு குளிர்காலம் முழுக்க ஆடிய அணி, வாரத்தில் இரண்டு மூன்று முறை கடுமையாக ஆடிப் பழகிய அணியை ஏப்ரலில் திடீரென்று சந்திக்கிறது. பயிற்சியால் மட்டும் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட முடியாது. வீரர்களை வளர்க்கவே காசு போட்ட கழகத்துக்கு இது உறைத்திருக்கும்.

ஐந்தாவது, 1963 யூனில் மொன்றியலில் என்.எச்.எல். தன் முதல் அமெச்சூர் டிராஃப்றை நடத்தியது. அன்று 21 பேர் தெரிவானார்கள். 17ஆவதாக லீஃப்ஸ் எடுத்த ஜிம் மக்கெனி, நீல் மக்நீல் பையன். யாருடைய படிவத்திலும் ஒப்பமிடாதவர்களுக்கே அன்றைய டிராஃப்ற். இருந்தாலும் பழைய முறையின் நாள் எண்ணப்பட்டுவிட்டது. வருங்காலத்தில் வீரர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்றால், ஒரே நகரத்தில் இரண்டு அணிகளுக்குச் சோறு போட எந்த உரிமையாளருக்கு மனம் வரும்?

1963 கோடையில் மாள்பரோஸும் ஒஷாவாவும் ஓ.எச்.ஏ.யில் சேர்ந்தன. நீல் மக்நீல் வீரர்கள் மாள்பரோஸுக்குள் போனார்கள். முன்பு எதிரெதிரே ஆடிய இரண்டு அணிகளின் சிறந்தவர்கள் இப்போது ஒரே பெஞ்சில்: ரொன் எலிஸ், பீற் ஸ்ரெம்கௌஸ்கி, மைக் வோல்ரன், கேரி சிமித், ஜிம் மக்கெனி. 1964 மெமோரியல் கிண்ண இறுதியில் எட்மன்ரனை 4–0 என்று நேராக வென்றார்கள். ஜூனியர் ஹொக்கியின் மிகப் பலமான அணிகளைப் பட்டியலிடுபவர்கள் அந்த மாள்பரோஸை விடமாட்டார்கள். லீக்கைக் கலைத்ததில் லீஃப்ஸுக்கு நட்டம் எதுவுமில்லை.

கேள்வி: ஒஷாவாவை எடுத்தார்கள், பக்கத்து ஊரான எங்களை ஏன் விட்டார்கள்? — வாசகர், விற்பி

ஒஷாவாவுக்குப் பின்னால் பொஸ்ரன் நின்றது. கையில் பொபி ஓர் இருந்தார். புதிய அரீனா எழப்போகிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. 1963–64இல் அவர்கள் போமன்வில்லில் ஒண்டிக்குடித்தனம் செய்தார்கள். 1964 டிசெம்பரில் ஒஷாவா சிவிக் ஓடிற்றோரியம் திறந்தது. விற்பிக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. வயதுவந்தோர் (சீனியர்) ஹொக்கியில் விற்பியின் டன்லொப்ஸ் 1958இல் உலகச் சம்பியன் பட்டமே வென்ற பெயர். அந்த அணியை நடத்தியவரும் ரென் பிளெயர்தான். எங்கள் ஊர் அணியை நடத்தியவரே போய் ஒஷாவாவை எழுப்பிவிட்டார் என்று நீங்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு.

கேள்வி: ஏஜாக்ஸ், பிக்கறிங் பக்கத்துப் பெற்றோர் சிலர் 16–20 வயதினருக்கு ஆறு அணி லீக் ஒன்று தொடங்க யோசிக்கிறோம். கணக்கு எப்படிப் போடுவது? — ஒரு பெற்றோர் குழு

மனக்கணக்கு வேண்டாம், தாளை எடுங்கள். கீழே வரும் விலைகள் கணக்கை விளக்க நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்கள் நகரசபை சொல்லும் விலையை அந்த இடத்தில் போடுங்கள்.

ஆறு அணி, ஒவ்வொரு எதிரியோடும் ஆறு முறை என்றால் அணிக்கு 30 ஆட்டம். 15 வீட்டில், 15 வெளியில். லீக் முழுவதும் 90 ஆட்டம். தலா 20 நிமிடத்தில் மூன்று பகுதி, மணி நிறுத்தி ஆடுவது, இடையில் இரண்டு தடவை சம்போனி (ஐஸைச் சீராக்கும் வண்டி) ஓட்டம், தொடக்கத்தில் உடல் சூடாக்கல்: எல்லாம் சேர இரண்டரை மணிநேரம் பதிவு செய்யுங்கள். பலர் இரண்டு மணிநேரத்துக்கு அனுமதி எடுத்துவிட்டு, மூன்றாம் பகுதியில் மணியை ஓடவிட்டு முடிக்கிறார்கள். அப்படி முடிந்த ஆட்டத்துக்கு அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள்.

15 × 2.5 = 37.5 மணி. பயிற்சி வாரம் இரண்டு மணி, 24 வாரத்துக்கு 48 மணி. மொத்தம் 85.5 மணி. மணிக்கு 300 டொலர் என்றால் ஐஸுக்கு மட்டும் 25,650. வெளியூர் பஸ் தடவைக்கு 900 என்றால் 13,500. நடுவர்கள் நால்வருக்கும் சேர்த்து ஆட்டத்துக்கு 350 என்றால் 5,250. இதுவரை 44,400. பயிற்றுநர், காப்புறுதி, சட்டை, மட்டை எதையும் இன்னும் தொடவில்லை.

இந்த 44,400ஐ வாசலில் மட்டும் எடுப்பதென்றால் வீட்டு ஆட்டம் ஒன்றுக்கு 2,960. பத்து டொலர் ரிக்கற் 296 விற்க வேண்டும், பதினைந்து தடவையும். பெற்றோரையும் நண்பர்களையும் சேர்த்து எண்பது பேர் வருவார்கள் என்பதே பத்திரமான எதிர்பார்ப்பு. மீதியை வீரர்களிடம்தான் அறவிட வேண்டிவரும். 18 ஆட்டக்காரர், 2 கோலி, ஆக இருபது பேரில் பிரித்தால் தலைக்கு 2,220. வாசலில் வருவது அதில் கழியும்.

இனி எல்லாரும் மறக்கும் பகுதி. ஒரு அணி கையை விரித்தால் என்ன ஆகும்? பருவத் தொடக்கத்திலேயே போய்விட்டது என்று வைத்தால், மிஞ்சும் ஐந்து அணிகளில் ஒவ்வொன்றும் ஆறு ஆட்டத்தை இழக்கும், அதில் மூன்று வீட்டு ஆட்டம். வாசல் வரவை நம்பியிருந்தால் 8,880 டொலர் வராது. மிச்சமாவது எவ்வளவு? பஸ் மூன்று, 2,700. நடுவர் கூலி 1,050. ஐஸ் அனுமதியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் இன்னொரு 2,250. ஆக 6,000 கழிந்து 2,880 நட்டம். திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் நட்டம் 5,130. பயிற்சி நேரச் செலவு அப்படியே நிற்கும். இரண்டாவது அணியும் போனால் இதை இரண்டால் பெருக்குங்கள். சிறிய லீக்குகள் ஒவ்வொன்றாக இல்லாமல் சரம் அறுந்த மணிபோல ஒரே மாதத்தில் சிந்துவது இதனால்தான்.

அதனால் முதல் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) ஐஸில் போடுமுன் இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு அணியிடமும் மூன்று வீட்டு ஆட்டச் செலவுக்குக் குறையாத வைப்புப் பணம் வாங்கி, லீக்கின் பெயரில் தனிக் கணக்கில் போடுங்கள். பருவம் முடித்த அணிக்குத் திருப்பிக் கொடுங்கள். நடுவில் போன அணியின் பணம் மற்ற ஐந்துக்கும் பிரியட்டும். எந்த ஒருவரும், எந்த ஒரு நிறுவனமும் இரண்டு அணி வைத்திருக்க விடாதீர்கள். 1961இன் கதையில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இந்த ஒன்றுதான். அனுமதிப் பத்திரம் அணி முகாமையாளரின் சொந்தப் பெயரில் இருந்தால், அவரோடு கோபித்த அன்றே ஐஸும் போகும். கோலிகளை லீக் மட்டத்தில் எண்ணுங்கள்: ஆறு அணிக்குப் பன்னிரண்டு பேர், கையிருப்பில் இன்னும் இருவர். ஆட்டக்காரர் பதினைந்து பேரோடு ஆட்டம் நடக்கும், கோலி இல்லாமல் நடக்காது. சான்றிதழ் பெற்ற ட்ரெயினர் ஒருவர் ஒவ்வொரு பெஞ்சிலும் நிற்க வேண்டும். பையன்களோடு பழகும் பெரியவர்கள் எல்லாரும் பொலிஸ் சரிபார்ப்பு எடுத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கீகாரம் கேளுங்கள். அடுத்த பதில் அதைப் பற்றியதே.

கேள்வி: ஹொக்கி கனடாவின் கீழ் வராத லீக் ஒன்றிலிருந்து மகனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கட்டணமும் கேட்கிறார்கள். விடலாமா? — ஒரு தாய், பிரம்ரன்

விடலாமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒரு திகதியை மட்டும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள்: செப்ரெம்பர் 30. அதற்குப் பிறகு அங்கீகாரமில்லாத லீக்கில் ஆடினால், அந்தப் பருவம் முடியும்வரை ஹொக்கி கனடாவின் எந்த அணிக்கும் திரும்ப முடியாது. நத்தாருக்குள் அந்த லீக் கலைந்தால் உங்கள் மகன் குளிர்காலம் முழுக்க வீட்டில்.

கேட்க வேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள். போன பருவத்தைத் தொடங்கியவை எத்தனை அணி, முடித்தவை எத்தனை? கட்டணத்தில் மட்டை, தங்குமிடம், சாப்பாடு, பஸ் எது அடங்கும்? அணி நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும், யார் கொடுப்பார்கள்? வேறு அணிக்குப் போக விடுவிப்புக் கடிதம் எத்தனை நாளில் கிடைக்கும்? காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியைக் காட்டுவார்களா? கடைசிக் கேள்விக்கு ‘பிறகு அனுப்புகிறோம்’ என்று பதில் வந்தால், காசோலைப் புத்தகத்தை மூடி வையுங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கி என்று யாராவது ஆசை காட்டினால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு ஒன்ராறியோ ஹொக்கி லீக் போன்ற பெரிய ஜூனியர் லீக்கில் ஆடியவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. 2024 நவம்பரில் எடுத்த முடிவின்படி 2025 ஓகஸ்ற் முதல் அது திறந்துவிட்டது. ‘பெரிய லீக்குக்குப் போனால் பல்கலைக்கழகம் போய்விடும், எங்களிடம் வாருங்கள்’ என்ற பழைய பேச்சை இன்று யாரும் விற்க முடியாது.

கேள்வி: மெற்றோ லீக் 1990களிலும் இருந்ததே, நான் ஸ்காபரோவில் பார்த்திருக்கிறேன். நீங்கள் 1963இல் மூடியது என்கிறீர்கள்! — வாசகர், பிக்கறிங்

நீங்கள் பார்த்தது வேறு லீக், பெயர் மட்டும் ஒன்று. ஜூனியர் பி மட்டத்தில் இருந்த மெற்றோ லீக் ஒன்று 1991இல் தன்னை ஜூனியர் ஏ என்று உயர்த்திக்கொண்டது. ஸ்காபரோவின் வெக்ஸ்ஃபோட் றெய்டர்ஸ் அதில்தான் ஆடியது. 1998இல் அதுவும் மாகாண லீக்குக்குள் கரைந்தது.

கேள்வி: 1961–63 ஆட்டங்களின் முடிவுகளை எங்கே பார்க்கலாம்? — 11ஆம் வகுப்பு மாணவன், மார்க்கம் (இரண்டாவது கேள்வி)

ரொறன்ரோ பொது நூலக அட்டை இருந்தால் ரொறன்ரோ ஸ்ரார், குளோப் அன்ட் மெயில் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகத் திறக்கலாம். மார்க்கத்து அட்டையில் கிடைக்காவிட்டால், யங் வீதி உசாத்துணை நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். 1961 நவம்பரிலிருந்து 1963 ஏப்ரல் வரை திங்கட்கிழமை இதழ்களை முதலில் பாருங்கள், வார இறுதி ஆட்டங்கள் அதில்தான் வரும். லீக்கின் பெயரைத் தட்டித் தேடினால் அதிகம் அகப்படாது, முடிவுகள் பொடி எழுத்தில் இருப்பதால் கணினி வாசிப்பு தடுமாறும். ‘மறூன்ஸ்’, ‘செவன் அப்ஸ்’, ‘நொப் ஹில்’ என்று அணிப் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடுங்கள்.

திரும்பும் வழியில் கொலிஜ் நிலத்தடி நிலையத்தில் இறங்கினால் மேப்பிள் லீஃப் காடின்ஸ் கட்டடம். கீழ்த்தளம் இப்போது லொப்லோஸ் பலசரக்குக் கடை. தட்டுகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். ஐஸின் நடுப்புள்ளி இருந்த இடம் அது. 14 வயதுப் பொபி ஓர் வீட்டு ஆட்டங்கள் ஆடியது அங்கேதான்.